சி.ஏ. இன்டர் காஸ்டிங், எஃப்.எம். ஃபார்முலாக்களை மனதில் நிறுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

குரூப் 2 முதல்முறை எழுதியபோது என்னைக் காலை வாரிவிட்டது மெட்டீரியல் மிக்ஸ் வேரியன்ஸ், அதாவது மூலப்பொருள்களின் கலவை திட்டமிட்டதிலிருந்து மாறியதால் செலவில் வரும் வித்தியாசம். ஃபார்முலாவை முந்தின இரவு 20 தடவை எழுதிப் பார்த்திருந்தேன். தேர்வு அறையில் எழுத்துகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்பது மட்டும் வரவில்லை. ஆக்சுவலிலிருந்து (உண்மையில் ஆனது) ஸ்டாண்டர்டா (திட்டமிட்டது), ஸ்டாண்டர்டிலிருந்து ஆக்சுவலா? 10 நிமிடம் அதிலேயே போனது. அந்தப் பதற்றம் அடுத்த இரண்டு கேள்விகளையும் தின்றுவிட்டது.

அடுத்த அட்டெம்ப்டுக்கு நான் கூடுதலாக மனப்பாடம் செய்யவில்லை. மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலைச் சுருக்கினேன். இப்போது ஜூனியர்களுக்குச் சொல்லித் தருவதும் அதைத்தான். இன்டர் தேர்வில் காஸ்ட் அண்ட் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் 100 மதிப்பெண், ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் (எஃப்.எம்.) 50 மதிப்பெண். குரூப் 2-ன் 300-ல் பாதி இந்த இரண்டிலும் இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பில் மொத்தம் 50 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி என்பதால், ஆடிட்டிங் கொஞ்சம் சறுக்கினாலும் தூக்கி நிறுத்தக்கூடியவை இவைதான்.

எங்கள் காலத்தில் முதல் குரூப் முடித்ததும் ஆர்ட்டிகிள்ஷிப்பில் (ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி) சேர்ந்து, ஆடிட் வேலைக்கு நடுவில் இரண்டாவது குரூப்புக்குப் படித்தவர்கள் நிறையப் பேர். 2023-ல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப். உங்களுக்கு நேரம் கொஞ்சம் அதிகம். அதை வைத்துக்கொண்டு கீழே உள்ளதைத் தேர்வுக்கு 10 வாரம் முன்பே தொடங்குங்கள்.

படி 1: உங்கள் கையால் ஒரு பட்டியல்

கடையில் விற்கும் ஃபார்முலா புத்தகமும், கோச்சிங்கில் தரும் சார்ட்டும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். நான் படித்த இடத்தில் தடியாக ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் மார்ஜினல் காஸ்டிங் மட்டுமே நான்கு பக்கம். அதைப் பார்த்தாலே இவ்வளவையும் எப்போது மனப்பாடம் செய்வது என்ற பயம்தான் வந்தது. அந்த நான்கு பக்கமும் உண்மையில் ஒரே வரி என்பது எனக்குத் தெரிய ஓர் அட்டெம்ப்ட் ஆயிற்று.

சி.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டின் (ஐ.சி.ஏ.ஐ.) ஸ்டடி மெட்டீரியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அத்தியாயத்திலும் வரும் ஃபார்முலாவை நோட்டில் நீங்களே எழுதுங்கள். எழுதும்போதே ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்.

முதல் வகை, ‘வருவிக்கலாம்’: இன்னொன்றிலிருந்து அரை நிமிடத்தில் வரவழைக்கக்கூடியது. இரண்டாவது, ‘குடும்பம்’: ஒரே அமைப்பில் வரும் கூட்டத்தில் ஒன்று. மூன்றாவது, ‘கட்டாயம்’: அப்படியே மனதில் வைத்தே தீர வேண்டியது.

இரண்டு மாலை வேலை இது. முடிந்ததும் மூன்றாவது குறி எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரியும்.

படி 2: ஒரே வரியிலிருந்து முளைக்கும் ஃபார்முலாக்கள்

மார்ஜினல் காஸ்டிங்கை எடுத்துக்கொள்வோம். நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்:

விற்பனை − மாறும் செலவு = கான்ட்ரிப்யூஷன் = நிலையான செலவு + லாபம்

பி/வி விகிதம் என்பது விற்பனையில் கான்ட்ரிப்யூஷனின் பங்கு. பிரேக் ஈவனில் லாபம் பூஜ்யம், ஆகவே கான்ட்ரிப்யூஷன் நிலையான செலவுக்குச் சமம். அதைத் தரக்கூடிய விற்பனை எது என்று கேட்டால் நிலையான செலவு ÷ பி/வி. குறிப்பிட்ட லாபம் வேண்டுமா? மேலே அந்த லாபத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். பிரேக் ஈவனைத் தாண்டிய விற்பனையில் நிலையான செலவு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, வரும் கான்ட்ரிப்யூஷன் முழுவதும் லாபம்தான்; ஆகவே மார்ஜின் ஆஃப் சேஃப்டி = லாபம் ÷ பி/வி.

எண்ணில் பாருங்கள். விற்பனை 10,00,000 ரூபாய், மாறும் செலவு 6,00,000, நிலையான செலவு 3,00,000. கான்ட்ரிப்யூஷன் 4,00,000, பி/வி 40 சதவீதம், லாபம் 1,00,000. பிரேக் ஈவன் 7,50,000. மார்ஜின் ஆஃப் சேஃப்டி 2,50,000, அதாவது விற்பனையில் 25 சதவீதம்.

இதே எண்களோடு எஃப்.எம். பக்கம் போங்கள். ஆப்பரேட்டிங் லீவரேஜ் = கான்ட்ரிப்யூஷன் ÷ வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் = 4. அதைத் தலைகீழாக்கினால் 1/4, அதே 25 சதவீதம். மார்ஜின் ஆஃப் சேஃப்டி விகிதமும் ஆப்பரேட்டிங் லீவரேஜும் ஒன்றுக்கொன்று தலைகீழ். இரண்டு தாள்களையும் தனித்தனி உலகமாகப் படிப்பவர்களுக்கு இந்தக் கதவு தெரிவதில்லை. ஒரு கணக்கின் விடையை இன்னொன்றால் சரிபார்க்க இது அருமையான வழி.

லீவரேஜை ஏணியாக வரையுங்கள். மேல்படி கான்ட்ரிப்யூஷன். நிலையான செலவைக் கழித்தால் நடுப்படி, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம். வட்டியைக் கழித்தால் கீழ்ப்படி, வரிக்கு முந்தைய லாபம். ஆப்பரேட்டிங் லீவரேஜ் மேல்படி ÷ நடுப்படி. ஃபைனான்ஷியல் லீவரேஜ் நடுப்படி ÷ கீழ்ப்படி. கம்பைண்டு என்றால் மேல்படி ÷ கீழ்ப்படி. பிரிஃபரன்ஸ் டிவிடெண்ட் இருந்தால் அதை (1 − வரி விகிதம்) ஆல் வகுத்து, வட்டியோடு சேர்த்துக் கழிக்க வேண்டும். ஏன் வகுக்கிறோம்? அந்த டிவிடெண்ட் வரி கட்டிய பிறகு கொடுப்பது. ஏணி நிற்பதோ வரிக்கு முன்னால். அதனால் அதையும் வரிக்கு முந்தைய தொகையாக உயர்த்திக்கொள்கிறோம். காரணம் புரிந்துவிட்டால் இந்த ‘வகுத்தல்’ மறக்காது.

படி 3: வேரியன்ஸுக்கு ஒரு வரிசை, ஒரு விதி

ஸ்டாண்டர்ட் காஸ்டிங்தான் பெரும்பாலானவர்கள் பயப்படும் இடம். இதற்கு நான் அதிக இடம் ஒதுக்குவதற்குக் காரணம், மனப்பாடத்தை இவ்வளவு குறைக்க முடிகிற அத்தியாயம் வேறில்லை.

மெட்டீரியலுக்கு நான்கு கட்டங்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள்:

கட்டம் 1: ஆக்சுவல் அளவு × ஆக்சுவல் விலை
கட்டம் 2: ஆக்சுவல் அளவு × ஸ்டாண்டர்ட் விலை
கட்டம் 3: ஆக்சுவல் மொத்த அளவை ஸ்டாண்டர்ட் விகிதத்தில் பிரித்தது × ஸ்டாண்டர்ட் விலை
கட்டம் 4: கிடைத்த உற்பத்திக்கான ஸ்டாண்டர்ட் அளவு × ஸ்டாண்டர்ட் விலை

ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது ஒன்றே ஒன்றுதான் மாறுகிறது. 1-லிருந்து 2-க்கு விலை மாறுகிறது: பிரைஸ் வேரியன்ஸ். 2-லிருந்து 3-க்குக் கலவை மாறுகிறது: மிக்ஸ். 3-லிருந்து 4-க்கு மொத்த அளவு மாறுகிறது: யீல்டு. நடுவில் 3-ஐத் தாண்டி 2-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம் யூசேஜ். 1-க்கும் 4-க்கும் உள்ளது மொத்த காஸ்ட் வேரியன்ஸ்.

விதி ஒன்றுதான்: வலதிலிருந்து இடதைக் கழி. பிளஸ் வந்தால் சாதகம், மைனஸ் வந்தால் பாதகம். ‘ஆகியிருக்க வேண்டிய செலவிலிருந்து ஆன செலவைக் கழிக்கிறேன்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். முதல் அட்டெம்ப்டில் நான் 10 நிமிடம் தேடியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

ஒரு கணக்கு. ஸ்டாண்டர்ட்: எக்ஸ் 600 கிலோ, கிலோ 20 ரூபாய், ஒய் 400 கிலோ, கிலோ 30 ரூபாய். ஆக்சுவல்: எக்ஸ் 700 கிலோ, 21 ரூபாய், ஒய் 350 கிலோ, 32 ரூபாய்.

கட்டம் 1: 14,700 + 11,200 = 25,900
கட்டம் 2: 14,000 + 10,500 = 24,500
கட்டம் 3: மொத்தம் 1,050 கிலோவை 6:4-ல் பிரித்தால் 630, 420; 12,600 + 12,600 = 25,200
கட்டம் 4: 12,000 + 12,000 = 24,000

பிரைஸ்: 24,500 − 25,900 = 1,400 பாதகம். மிக்ஸ்: 25,200 − 24,500 = 700 சாதகம். யீல்டு: 24,000 − 25,200 = 1,200 பாதகம். யூசேஜ்: 500 பாதகம், மிக்ஸும் யீல்டும் சேர்ந்தால் அதேதான். மொத்தம் 1,900 பாதகம்.

விடையைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், கதையையும் படியுங்கள். விலை குறைந்த எக்ஸை அதிகம் சேர்த்திருக்கிறார்கள், அதனால் மிக்ஸ் சாதகம். ஆனால் அதே உற்பத்திக்கு 50 கிலோ கூடுதலாகப் போயிருக்கிறது, அதனால் யீல்டு பாதகம். கதை பொருந்தினால் கழித்தலில் பிழை இல்லை.

லேபருக்கு இதே வரிசை: ஆன கூலி, கூலி கொடுத்த மணி × ஸ்டாண்டர்ட் கூலி, வேலை நடந்த மணி × ஸ்டாண்டர்ட் கூலி, ஸ்டாண்டர்ட் மணி × ஸ்டாண்டர்ட் கூலி. வித்தியாசங்கள் முறையே ரேட், ஐடில் டைம், எஃபிஷியன்ஸி. வலது கழித்தல் இடது என்ற விதியைப் போட்டுப் பாருங்கள், ஐடில் டைம் எப்போதும் மைனஸாகவே வரும். கரண்ட் போய் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் சாதகமாக முடியாதே!

ஃபிக்ஸட் ஓவர்ஹெட்டும் அப்படியே: ஆன செலவு, பட்ஜெட் செலவு, ஆக்சுவல் மணி × ஸ்டாண்டர்ட் ரேட், ஸ்டாண்டர்ட் மணி × ஸ்டாண்டர்ட் ரேட். எக்ஸ்பெண்டிச்சர், கெப்பாசிட்டி, எஃபிஷியன்ஸி. பட்ஜெட் நாளும் வேலை நடந்த நாளும் வேறுபட்டால், பட்ஜெட்டுக்கு அடுத்து ‘இத்தனை நாளில் ஓடியிருக்கக்கூடிய மணி × ஸ்டாண்டர்ட் ரேட்’ என்று ஒரு கட்டத்தைச் செருகுங்கள். பட்ஜெட்டோடு அதற்குள்ள வித்தியாசம் கேலண்டர் வேரியன்ஸ்.

சேல்ஸ் வேரியன்ஸுக்கு வரும்போது மட்டும் விதி திரும்பும். வருமானம் கூடினால் நல்லது, ஆகவே இடதிலிருந்து வலதைக் கழிக்க வேண்டும். இதைச் சிவப்பு மையில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். ஸ்டாண்டர்ட் காஸ்டிங்கில் நான் ஒட்டி வைத்தது இது ஒன்றுதான்.

படி 4: ஃபார்முலாவுக்குள் இருக்கும் ஆளைப் பார்ப்பது

ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் போட்டால் மொத்தச் செலவு குறைவு என்று சொல்வது இ.ஓ.க்யூ. அதன் ஃபார்முலா √(2 × ஆண்டுத் தேவை × ஓர் ஆர்டருக்கான செலவு ÷ ஒரு யூனிட்டை ஓராண்டு வைத்திருக்கும் செலவு). இதில் அந்த 2 எங்கிருந்து வந்தது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? கிடங்கில் சரக்கு நிறைந்திருக்கும், தீரும், மறுபடி நிறையும். சராசரியாக இருப்பது ஆர்டரில் பாதி. அந்தப் பாதியின் 2தான் மேலே ஏறி நிற்கிறது. ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் சமமாகும் இடமே இ.ஓ.க்யூ. தேவை 10,000, ஆர்டர் செலவு 200 ரூபாய், வைத்திருக்கும் செலவு 4 ரூபாய் என்றால் விடை 1,000 யூனிட். ஆண்டுக்கு 10 ஆர்டர், செலவு 2,000. சராசரி சரக்கு 500, செலவு 2,000. இரண்டும் சமமாக வராவிட்டால் எங்கோ தவறு.

ஸ்டாக் லெவல்களுக்கு எப்போதும் எச்சரிக்கையாக இருக்கும் ஸ்டோர் கீப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். ‘எவ்வளவு மீதி இருக்கும்போது ஆர்டர் போடலாம்?’ என்று கேட்டால் அவர் மோசமான நிலைமையைத்தான் யோசிப்பார்: அதிகபட்ச உபயோகம், அதிகபட்சத் தாமதம். இரண்டையும் பெருக்கினால் ரீ-ஆர்டர் லெவல். பிறகு சாதாரணமாக நடந்தால் சரக்கு வரும் நேரத்தில் என்ன மிஞ்சும்? ரீ-ஆர்டர் லெவல் − (சராசரி உபயோகம் × சராசரி நாள்), அதுதான் மினிமம். கிடங்கு நிரம்பி வழியும் நிலை எது? குறைவாகச் செலவாகி, சரக்கும் சீக்கிரம் வந்துவிட்டால்: ரீ-ஆர்டர் லெவல் + ஆர்டர் அளவு − (குறைந்தபட்ச உபயோகம் × குறைந்தபட்ச நாள்), அது மேக்ஸிமம்.

ஆப்பரேட்டிங் சைக்கிளுக்கு, அதாவது சரக்கில் போட்ட பணம் திரும்பக் கைக்கு வர ஆகும் நாட்களுக்கு, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றை மனதில் ஓட்டுங்கள். நூல் வந்து கிடக்கிறது, தைப்பில் கிடக்கிறது, பனியனாகக் கிடக்கிறது, பில் போட்டுப் பணம் வர வேண்டியதாகக் கிடக்கிறது. இந்த நான்கு காத்திருப்பையும் கூட்டி, நூல்காரருக்கு நாம் கடன் சொன்ன நாட்களைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு காத்திருப்பும் ‘அங்கே கிடப்பது ÷ அங்கிருந்து ஒரு நாளைக்கு நகர்வது’.

ரேஷியோக்களுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: கீழே இருக்கும் பணம் யாருடையது? அவர்களுக்குச் சேர வேண்டிய வருமானம்தான் மேலே வரும். கீழே ஈக்விட்டி பங்குதாரர் பணம் மட்டும் இருந்தால் மேலே வட்டி, வரி, பிரிஃபரன்ஸ் டிவிடெண்ட் எல்லாம் போன லாபம். கீழே கடன் கொடுத்தவர் பணமும் சேர்ந்திருந்தால் மேலே வட்டி கழிக்காத லாபம்.

படி 5: கட்டாயம் மனதில் வைக்க வேண்டியவை

எஃப்.எம்.மில் காஸ்ட் ஆஃப் கேப்பிட்டலும் டிவிடெண்ட் மாடல்களும் இந்த வகை. இங்கும் முழுக்க குருட்டு மனப்பாடம் தேவையில்லை.

ரிடீமபிள் டிபெஞ்சரின் (குறித்த காலத்தில் திருப்பித் தர வேண்டிய கடன் பத்திரம்) காஸ்ட்:

[வட்டி × (1 − வரி) + (திருப்பித் தருவது − கைக்கு வந்தது) ÷ ஆண்டுகள்] ÷ [(திருப்பித் தருவது + கைக்கு வந்தது) ÷ 2]

தண்டலில் 10,000 ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்களே, அந்தப் பிடித்தம்தான் மேலே உள்ள இரண்டாவது துண்டு. அதுவும் வட்டிதான், வேறு வேடத்தில். ஆண்டுச் செலவு மேலே, சராசரியாகக் கையில் இருந்த பணம் கீழே. 100 ரூபாய் முகமதிப்பு, 10 சதவீத வட்டி, வரி 30 சதவீதம், கைக்கு வந்தது 95, 5 ஆண்டில் திருப்பித் தருவது 105 என்றால்: 7 + 2 = 9; கீழே 100; காஸ்ட் 9 சதவீதம். பிரிஃபரன்ஸ் ஷேருக்கு இதே ஃபார்முலாதான், (1 − வரி) மட்டும் கிடையாது, ஏனென்றால் டிவிடெண்டுக்கு வரிச் சலுகை இல்லை.

டிவிடெண்டை வைத்துப் பங்கின் விலையைக் கணக்கிடும் வால்டர், கார்டன் மாடல்களை நிறையப் பேர் மாற்றி எழுதிவிடுகிறார்கள். (இ.பி.எஸ். என்பது ஒரு பங்குக்கான லாபம்; ஈக்விட்டி காஸ்ட் என்பது பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமான விகிதம்.)

வால்டர்: [டிவிடெண்ட் + (இ.பி.எஸ். − டிவிடெண்ட்) × கம்பெனி ஈட்டும் விகிதம் ÷ ஈக்விட்டி காஸ்ட்] ÷ ஈக்விட்டி காஸ்ட்

கார்டன்: இ.பி.எஸ். × (1 − நிறுத்தி வைக்கும் விகிதம்) ÷ (ஈக்விட்டி காஸ்ட் − நிறுத்தி வைக்கும் விகிதம் × கம்பெனி ஈட்டும் விகிதம்)

எழுதியது சரியா என்று அறையிலேயே பரிசோதிக்கலாம். கம்பெனி ஈட்டும் விகிதமும் ஈக்விட்டி காஸ்டும் சமமாக இருந்தால், டிவிடெண்ட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பங்கின் விலை ஒன்றுதான்: இ.பி.எஸ். ÷ ஈக்விட்டி காஸ்ட். இ.பி.எஸ். 10, டிவிடெண்ட் 4, இரண்டு விகிதமும் 10 சதவீதம் என்று போடுங்கள். வால்டர்: (4 + 6) ÷ 0.10 = 100. கார்டன்: 10 × 0.4 ÷ (0.10 − 0.06) = 100. வேறு எண் வந்தால் நீங்கள் எழுதிய ஃபார்முலா தவறு. கார்டனில் பலர் நிறுத்தி வைக்கும் விகிதத்துக்குப் பதில் டிவிடெண்ட் விகிதத்தைப் போடுவார்கள்; அந்தப் பிழை ஓரிடத்தில் மட்டும் நடந்தால் இந்தச் சோதனையில் பிடிபடும், இரண்டு இடத்திலும் நடந்தால் அப்போதும் 100 வரும் என்பதால் பிடிபடாது.

படி 6: கார்டு போடுவது

பொருள் தெரியாத விஷயம் எவ்வளவு வேகமாக உதிரும் என்பதை ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே எழுதி வைத்தார். அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறந்தது என்று அளந்தார். முதல் சில மணி நேரத்தில்தான் பெரும் உதிர்வு, பிறகு மெதுவாகிறது. அர்த்தம் தெரியாமல் உருப்போட்ட ஃபார்முலாவும் அந்த அசைகளைப் போன்றதுதான்.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஃபார்முலா ஷீட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு ‘எல்லாம் தெரிகிறது’ என்று நமக்குத் தோன்றுகிறதே, அது அந்த 5 நிமிடத் தெளிவு.

ஆகவே கார்டு. சார்ட் பேப்பரை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஃபார்முலாவின் பெயரை எழுதாதீர்கள். கேள்வி வரும் விதத்தில் ஒரு நிலைமையை எழுதுங்கள். ‘லாபம் தெரியும், பி/வி தெரியும், விற்பனை தெரியாது, மார்ஜின் ஆஃப் சேஃப்டி?’ ‘கேள்வியில் இப்போதுதான் கொடுத்த டிவிடெண்ட் என்று இருக்கிறது, ஈக்விட்டி காஸ்டுக்கு அதை அப்படியே போடலாமா?’ இரண்டாவதின் பின்பக்கம்: கூடாது, (1 + வளர்ச்சி) ஆல் பெருக்கி அடுத்த ஆண்டு டிவிடெண்டாக்கு. பெயரைக் கேட்டு ஃபார்முலா சொல்லும் திறமைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் இல்லை. நிலைமையைப் பார்த்து எந்த ஃபார்முலா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பிறகு மூன்று பழைய ஸ்வீட் டப்பா. 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் எழுதிய பெட்டி முறையின் எளிய வடிவம் இது. எல்லாக் கார்டும் முதல் டப்பாவில் தொடங்கும், அது தினமும். சரியாகச் சொன்னது இரண்டாவது டப்பாவுக்குப் போகும். அது மூன்று நாளுக்கு ஒருமுறை. அங்கும் சரி என்றால் மூன்றாவது, வாரம் ஒருமுறை. எங்கே தவறினாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும். இதில் இரக்கம் காட்டாதீர்கள். ‘கிட்டத்தட்ட சரி’ என்பது தவறுதான். ஃபோனில் செய்ய விரும்பினால் அன்கி செயலி இதே வேலையைச் செய்யும். நான் கையால் எழுதியதையே சிபாரிசு செய்வேன், தேர்வும் கையால்தானே எழுதுகிறோம். எனக்கு இரண்டு பாடமும் சேர்த்து 60 கார்டுக்குள் அடங்கியது. 150 தாண்டினால் படி 1-ல் வகை பிரித்தது சரியில்லை.

படி 7: வெள்ளைத்தாள்

வாரம் ஒருநாள், ஞாயிறு காலை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயத்தின் பெயரை மேலே எழுதி, எதையும் பார்க்காமல் அதிலுள்ள எல்லாவற்றையும் தாளில் கொட்டுங்கள்: வரிசை, ஏணி, ஃபார்முலா, காரணம். 15 நிமிடம் போதும். பிறகு வேறு நிற மையில் விட்டதை நிரப்புங்கள். அந்த நிறம் வாரம் வாரம் குறைவதைப் பார்க்கும்போது வரும் தைரியத்தை வேறு எதுவும் தராது. தாள்களைத் தேதி போட்டு வைத்திருங்கள். கடைசி வாரத்தில் அவைதான் உங்கள் ரிவிஷன் நோட்.

படி 8: கலந்து போடுவது

ஒரே அத்தியாயத்தில் 10 கணக்கைத் தொடர்ந்து போட்டால், மூன்றாவது கணக்கிலிருந்தே ஃபார்முலாவைத் தேடும் வேலை மூளைக்கு இல்லை. 5 வாரம் மீதி இருக்கும்போது மாற்றுங்கள். இன்ஸ்டிட்யூட் வெளியிடும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் (ஆர்.டி.பி.), மாக் டெஸ்ட் பேப்பர் (எம்.டி.பி.), பழைய சஜஸ்டட் ஆன்ஸர் ஆகியவற்றிலிருந்து அத்தியாயம் கலந்து தினமும் 4 கணக்கு. கணக்கைத் தொடங்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: ‘இதில் கேட்பது இது, இதற்கு எடுப்பது இது’. முதலில் வேகம் பாதியாகும், அதற்காகப் பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

தவறுகளுக்குத் தனி நோட்டு வேண்டும். ‘கவனக்குறைவு’ என்று எழுதி முடிக்காதீர்கள். அந்தச் சொல்லால் எதையும் திருத்த முடியாது. ‘வைத்திருக்கும் செலவு சதவீதத்தில் இருந்தது, யூனிட் விலையால் பெருக்க மறந்தேன்’ என்று எழுதினால் அது நாளைக்கு ஒரு கார்டு ஆகிறது.

படி 9: விரல்களும் மனப்பாடம் செய்யட்டும்

சயின்டிஃபிக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. 12 இலக்கச் சாதாரண கால்குலேட்டர்தான். வருங்காலப் பணத்தின் இன்றைய மதிப்பைத் தரும் பிரசண்ட் வேல்யூ அட்டவணையை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். 10 சதவீதத்துக்குச் சில மாடல்களில் 1.1 ÷ அழுத்தி = = = என்று தட்டினால் 0.9091, 0.8264, 0.7513 என்று வரிசையாக வரும். சிலவற்றில் 1.1 ÷ ÷ 1 அழுத்திய பிறகு = = =. ஜி.டி. (கிராண்ட் டோட்டல்) பட்டன் அவற்றின் கூட்டுத்தொகையைத் தரும். மூன்று ஆண்டுக்கு 2.4869-க்கு அருகில் வர வேண்டும். உங்கள் கால்குலேட்டரில் எது வேலை செய்கிறது என்று இன்றே பாருங்கள். அதே கால்குலேட்டரைத்தான் தேர்வுக்கும் எடுத்துப் போக வேண்டும்.

கடைசி வாரமும் தேர்வு அறையும்

கடைசி ஏழு நாளில் புதிய கார்டு எழுதாதீர்கள். மூன்றாவது டப்பாவிலிருந்து திரும்பி வந்தவை, தவறு நோட்டு, வெள்ளைத்தாள்கள், இவை போதும். முந்தின இரவு கார்டுகளை ஒருமுறை புரட்டிவிட்டுத் தூங்குங்கள்.

எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்க 15 நிமிடம் தருகிறார்கள். அப்போது எழுதக் கூடாது, ஆனால் ஒவ்வொரு கணக்கையும் பார்த்து ‘இது நான்கு கட்டம், இது ஏணி, இது பிடித்தம் உள்ள கடன்’ என்று பெயர் வைத்துவிடலாம். 30 மதிப்பெண் எம்.சி.க்யூ. பகுதியில் விடைக்கு மட்டும்தான் மதிப்பெண், வழிக்கு இல்லை. அங்கே ஃபார்முலா துல்லியம் மிக முக்கியம். இன்டரில் தவறான விடைக்கு மைனஸ் கிடையாது என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள்.

விரிவாக எழுதும் கணக்கில் ஃபார்முலா மறந்துவிட்டால், பேனாவைக் கீழே வைக்காதீர்கள். ஒர்க்கிங் நோட் என்று தலைப்புப் போட்டு, தெரிந்த வரியை எழுதுங்கள்: விற்பனை − மாறும் செலவு = நிலையான செலவு + லாபம். அல்லது நான்கு கட்டத்தை வரைந்து, கொடுத்திருக்கும் எண்களை உரிய இடத்தில் நிரப்புங்கள். அந்த ஸ்டெப்புகளுக்கு மதிப்பெண் உண்டு. நிரப்பிக்கொண்டே போகும்போது காலியாக நிற்கும் கட்டம்தான் பெரும்பாலும் கேள்வி கேட்பது. மூன்று நிமிடத்தில் வரவில்லை என்றால் அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுங்கள். இரண்டாவது அட்டெம்ப்டில் எனக்கு ஓவர்ஹெட் வரிசை அப்படித்தான், லேபர் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் நினைவுக்கு வந்தது.